பரணில் கிடந்த ஜி.ஐ. ஜோ: விலை பேசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதல் வேலை, கழுவாமல் இருப்பது. பரணில் இருந்து பழைய பொம்மை இறங்கியதும் நம் வீடுகளில் அதைச் சோப்புத் தண்ணீரில் முக்கித் தேய்த்துவிடுவார்கள். எனக்கு அந்த அழுக்கு வேண்டும். கட்டைவிரல் ஒடிந்த இடத்தில் கறுப்பு ஏறியிருந்தால் அது பழைய முறிவு. உள்ளே பிளாஸ்டிக் பளிச்சென்று தெரிந்தால், பரணில் இருந்து இறக்கும்போது ஒடிந்திருக்கிறது. அந்தத் துண்டு இன்னும் வீட்டில்தான் எங்கோ கிடக்கும், போய்த் தேடலாம். பெயிண்டுக்கு அடியில் அழுக்கு இருந்தால், பிறகு யாரோ மேலே பூசியிருக்கிறார்கள். கழுவிவிட்டால் இந்தச் சாட்சியெல்லாம் சாக்கடையோடு போய்விடும்.

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி அலமாரியில் ஸ்ட்ராப் வரிசைக்குக் கீழே நான் சேர்த்த ஜி.ஐ. ஜோ என்கிற பட்டாள பொம்மைகள் நிற்கும். பேட்டரி மாற்ற வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது மாதிரி எங்க வீட்லயும் கெடக்கு, வெல போவுமா?" என்று கேட்பார்கள். போகும், போகாது என்று வாயால் சொல்லிவிட முடியாது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைச் சேர்த்து எழுதினால் இவ்வளவு வரும்.

எந்தப் பொம்மையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ 1964-ல் ஜி.ஐ. ஜோவைப் பன்னிரண்டு அங்குலப் பொம்மையாகக் கொண்டுவந்தது. 1982-ல் அதையே 3¾ அங்குலத்துக்குச் சுருக்கி, ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு ஆயுதம் என்று புதிய வரிசையைத் தொடங்கியது. அந்த முதல் வரிசை 1994 வரை ஓடியது. இந்தியாவில் அதே அச்சுகளை வைத்து எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் செய்து விற்றது. எண்பதுகளின் கடைசியில் இருந்து தொண்ணூறுகள் முழுக்க நம் பிள்ளைகள் விளையாடியது பெரும்பாலும் அதுதான்.

நம் பக்கத்துக்கு ஜோ இரண்டு வழியாக வந்தான். ஒன்று, கடையில் வாங்கிய ஃபன்ஸ்கூல். இன்னொன்று மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் வீடுகளுக்குச் சவூதியில் இருந்தும் துபாயில் இருந்தும் பெட்டியில் வந்தது. இரண்டுக்கும் உருவம் ஒன்றுதான். ஆனால் நிறம் வேறு, பெயிண்ட் வேறு, சில சமயம் கையில் கொடுத்த துப்பாக்கியே வேறு. மதிப்புப் போடும்போது நடக்கிற குழப்பத்தில் பாதி இதில் இருந்துதான் வருகிறது. அமெரிக்கப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, "இவனுக்குச் சட்டை பச்சையா இருக்கணும், உங்களுது நீலமா இருக்கு, டூப்ளிகேட்டு" என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்கள் உண்டு. நம் ஊர் ஜோவை நம் ஊர் ஜோவோடுதான் ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் வராத நிறத்தில் வந்தவன் என்பதற்காகவே ஃபன்ஸ்கூலைத் தேடி வாங்குகிற அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அந்த நீலச் சட்டைதான் அவனுடைய விலையே.

சாமான்களைத் தேடுவது

பொம்மையைக் கையில் எடுப்பதற்கு முன் வீட்டைத் தேடுங்கள். ஆள் தனியாகக் கிடைப்பது சுலபம். அவனுடைய துப்பாக்கி, ஹெல்மெட், முதுகுப்பை கிடைப்பதுதான் கஷ்டம். தையல் மெஷின் டிராயர், பட்டன் டப்பா, தாயக்கட்டை போட்டு வைத்த பெட்டி, பழைய ஜாமெட்ரி பாக்ஸ், எல்லாவற்றையும் தாளில் கொட்டிப் பாருங்கள். கறுப்பாக, விரல் நீளத்துக்கு, என்னவென்றே தெரியாத பிளாஸ்டிக் துண்டு எதையும் குப்பையில் போடாதீர்கள்.

கொலு வைக்கிற வீடாக இருந்தால் கொலுப் பெட்டியைக் கட்டாயம் பாருங்கள். படிக்குக் கீழே பார்க் கட்டி, அதில் மரப்பாச்சிக்கும் செட்டியாருக்கும் நடுவே இவனைக் காவலுக்கு நிறுத்தாத வீடு குறைவு. வருஷம் முடிந்ததும் ஆளைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அவன் தோளில் மாட்டியிருந்த பை, பார்க் வேலியோடு சேர்ந்து பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போய்விடும். டவுனில் இருந்து ஒரு மைனி கொலுப் பெட்டியையே தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். அடியில் இருந்த வைக்கோலுக்குள் ஒரு ஹெல்மெட்டும் பைனாகுலரும் கிடைத்தன. 1983-ல் வந்த டியூக் என்கிற ஆளுக்கு ஹெல்மெட், பைனாகுலர், முதுகுப்பை, துப்பாக்கி என்று நான்கு சாமான். அவர்களிடம் ஆளும் துப்பாக்கியும் ஏற்கெனவே இருந்தன. பை மட்டும்தான் குறை. நான்கில் மூன்று இருக்கிற டியூக்கும் வெறுங்கையோடு நிற்கிற டியூக்கும் ஒரே விலைக்குப் போக மாட்டார்கள்.

கொலுவில் நின்ற ஆளுக்குப் பாதத்தையும் திருப்பிப் பாருங்கள். உள்ளங்காலில் சின்ன ஓட்டை இருக்கும், வண்டியில், ஸ்டாண்டில் சொருகி நிறுத்துவதற்கு. பார்க்கில் விழாமல் நிற்க அதற்குள் களிமண்ணோ எம்-சீலோ வைத்து அடைத்திருப்பார்கள். களிமண் என்றால் ஊறவைத்துக் குச்சியால் எடுத்துவிடலாம். எம்-சீல் என்றால் தொடாதீர்கள். தோண்டப் போனால் குதிகால் பிளந்துவிடும்.

பின்புறத்தில் இருக்கும் வருடம்

இடுப்புக்குக் கீழே பின்பக்கம் சின்ன எழுத்தில் வருடமும் நிறுவனத்தின் பெயரும் புடைப்பாக இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்; டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து நிழல் விழுந்து நன்றாகத் தெரியும்.

அந்த வருடம் அச்சு உருவாக்கிய வருடம்; பொம்மை செய்த வருடம் இல்லை. 1985 என்று இருக்கிற ஆள் தொண்ணூறுகளின் நடுவில் இந்தியாவில் வார்க்கப்பட்டவனாக இருக்கலாம். "எம்பத்தஞ்சு போட்டிருக்கு, நாப்பது வருஷப் பொருள்" என்று விலை ஏற்றினாலும் தப்பு, நம்பி வாங்கினாலும் தப்பு. பொம்மையை வைத்து விற்ற அட்டை மிச்சம் இருந்தால் அதில் பேக் செய்த மாதம், வருடம், ரூபாயில் விலை ஏதாவது அச்சிட்டோ ஸ்டிக்கர் ஒட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். பின்புறத்தில் இருக்கும் வருடத்தைவிட நம்பிக்கையான சாட்சி அதுதான்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. 1982-ல் வந்த முதல் தொகுதி ஆட்களுக்கு முழங்கை மடங்கும். ஆனால் அதற்கு மேலே கை சுழலாது. 1983-ல் இருந்து கை சுழலும்படி ஆக்கினார்கள். கழுத்து 1985-ல் மாறியது: அதற்கு முன் தலை இடது வலது மட்டும் திரும்பும், பிறகு உருண்டை மூட்டு வந்து மேலே கீழேயும் பார்க்கும்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவுக்குப் போடுகிற கடைகளில் வாங்கிய பட்டாள பொம்மைகளையும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். முதுகில் ஸ்க்ரூ இல்லாமல், இரண்டு பாதியை ஒட்டி, உள்ளே கூடாக இருந்தால் அது ஜோ இல்லை. பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம்.

உடம்பை எந்த வரிசையில் பார்ப்பது

நான் முகத்தைப் பார்ப்பது கடைசியில்தான். முதலில் இரண்டு கட்டைவிரல். ஜோவின் கை ஆயுதத்தைப் பிடிக்கும்படி வளைந்திருக்கும். அதில் தடித்த பிடியுள்ள துப்பாக்கியைத் திணித்துத் திணித்து விரல் போய்விடும். போன விரல் எல்லோருக்கும் தெரியும். போகப் போகிற விரல்தான் ஏமாற்றும். லென்ஸில் பார்த்தால் கட்டைவிரல் உள்ளங்கையோடு சேருகிற இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெளிர்க் கோடு தெரியும். பிளாஸ்டிக் வளைந்து வளைந்து வெளுத்த கோடு அது. இன்னும் ஒரே ஒரு முறை துப்பாக்கியை மாட்டினால் விரல் கையோடு வந்துவிடும். அதனால் வாங்குகிறவர் முன்னால் "பாருங்க, எப்படிக் கச்சிதமா பிடிக்குது" என்று மாட்டிக் காட்டாதீர்கள். மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, ஆயுதத்தை முன்னால் இருந்து அழுத்தாமல் பக்கவாட்டில் நுழையுங்கள்.

அடுத்தது இடுப்பு. இரண்டு தொடைக்கும் நடுவில் இறங்குகிற மெல்லிய பாகம்தான் இந்தப் பொம்மையில் மிகவும் பலவீனமான இடம். அங்கே ஒரு சில்லுப் போயிருந்தாலும், விரிசல் விட்டிருந்தாலும் ஆளின் மதிப்பு சட்டென்று இறங்கிவிடும். ஒட்டியிருந்தாலும் அது உடைந்ததுதான். ஒட்டிய பசையைக் கண்டுபிடிக்க, நோட்டு சரிபார்க்கிற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். பல பசைகள் பிளாஸ்டிக்கில் இருந்து வேறுபட்டு வெளிறித் தெரியும்.

இடுப்பில் இருந்து ஆள் இரண்டாகக் கழன்று வந்தால் மட்டும் பதற வேண்டாம். மேலுடம்பையும் காலையும் சேர்த்துப் பிடித்திருப்பது உள்ளே இருக்கிற ஒரு ரப்பர் வளையம், ஓ-ரிங். கால்களுக்கு நடுவில் ஓர் உலோகக் கொக்கி. அதில் மாட்டி, இடுப்புத் துண்டு வழியாக ஏறி, நெஞ்சுக்குள் ஸ்க்ரூ இறங்குகிற தூணைச் சுற்றி நிற்கும். வருஷக்கணக்கில் பரண் சூட்டில் கிடந்தால் ரப்பர் இற்றுப்போகும். பாளையங்கோட்டையில் சித்திரை வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது ஓட்டுக்கு அடியில் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓ-ரிங் அறுந்தது சேதத்தில் சேராது. சில ரூபாய்ச் சாமான். மாற்றிவிட்டால் ஆள் எழுந்து நிற்பான். இதைத் தெரியாமல் "இடுப்பு ஒடிஞ்சுபோச்சு" என்று சும்மா கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு, தெரிந்தே அப்படிச் சொல்லி வாங்குகிறவர்களும் உண்டு.

முழங்கையிலும் முழங்காலிலும் ரிவெட் இருக்கும். அதைச் சுற்றி விரிசல் விட்டிருக்கிறதா பாருங்கள். தொளதொளவென்று ஆடுகிற முழங்கையைச் சரிசெய்வது கஷ்டம், ரிவெட்டைக் கழற்ற முடியாது. துரு ஒரு தனிப் பிரச்சினை. உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கத்து வீடுகளில் இருந்து வருகிற ஜோக்களின் முதுகு ஸ்க்ரூ உப்புக் காற்றில் பூத்திருக்கும். துருக்கறை பிளாஸ்டிக்கிலும் இறங்கியிருக்கும். அந்த ஸ்க்ரூவை முறுக்கித் திறந்து காட்டச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள். தலை வழுக்கிவிட்டால் உள்ளே போக வேறு வழியே கிடையாது.

பெயிண்ட் முதலில் தேய்கிற இடங்கள் மூக்கு நுனி, தலைமுடி, விரல் முட்டி, பூட்ஸ் முனை. அங்கெல்லாம் லேசாகத் தேய்ந்து, மற்ற இடம் நன்றாக இருந்தால் அது நேர்மையான தேய்மானம், பயப்பட வேண்டாம். மற்ற இடமெல்லாம் தேய்ந்து மூக்கு மட்டும் புதிதாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். தொழிற்சாலைப் பெயிண்டின் ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். வீட்டில் பூசியதில் தூரிகைக் கோடு தெரியும், மூட்டுக்குள் இறங்கியிருக்கும், கையை மெல்லச் சுழற்றினால் அந்த இடத்தில் ஏடு ஏடாக உரியும். ஃபன்ஸ்கூல் ஆட்களுக்குத் தொழிற்சாலையிலேயே பெயிண்ட் கொஞ்சம் தடிமனாக, கண் ஒரு பக்கம் கோணலாக வந்ததும் உண்டு. அதைத் திருப்பிப் பூசியது என்று நினைத்துவிடக் கூடாது. தங்கச்சி நெயில் பாலிஷ் வைத்த உதட்டை எப்படியும் கண்டுபிடித்துவிடலாம்.

திருப்பிப் பூசிய ஜோவின் நிலை ரீடயல் அடித்த, அதாவது முகப்பை மறுபடி பூசிய, ஹெச்.எம்.டி. வாட்ச் மாதிரிதான். தூரத்தில் புதுசு போலப் பளபளக்கும். தெரிந்தவன் கையில் வாங்கியதும் கீழே வைத்துவிடுவான். 1982-ல் வந்த முதல் ஸ்னேக் ஐஸ் என்கிற ஆளுக்கு மட்டும் இந்தத் தலைவலி கிடையாது. செலவை மிச்சப்படுத்த அவனை முழுக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் பெயிண்டே இல்லாமல் விட்டார்கள். தேய்வதற்கே ஒன்றுமில்லை. அவனிடம் பெயிண்ட் இருந்தால்தான் சந்தேகம்.

வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலப்பாளையத்தில் இருந்து ஒரு தம்பி, "வாப்பா ஜித்தாலேர்ந்து கொண்டாந்தது" என்று பிஸ்கட் டின்னில் ஒரு ஸ்டார்ம் ஷேடோவைக் கொண்டுவந்தார். 1984-ன் வெள்ளை உடை நிஞ்சா. முன்பக்கம் பழைய தந்தம் மாதிரி மஞ்சள். கையைத் தூக்கிப் பார்த்தால் அக்குளில் அசல் வெள்ளை. அதை வைத்துத்தான் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளக்க முடியும். "பெராக்ஸைடு தடவி வெயில்ல வெச்சா வெளுத்துரும்னு வீடியோல பாத்தேன் அண்ணாச்சி" என்றார். வெளுக்கும்தான். ஆனால் மஞ்சள் திரும்பி வரவும் செய்யும், பெயிண்ட் போகலாம், பிளாஸ்டிக்கும் நொறுங்கலாம். ஒரே சீரான மஞ்சள் உடம்பை அப்படியே விற்கலாம். திட்டுத் திட்டாக வெளுத்த உடம்பைக் கேள்வி கேட்காமல் யாரும் வாங்க மாட்டார்கள்.

ஆயுதம் இவனுடையதுதானா

அந்த ஸ்டார்ம் ஷேடோவோடு டின்னில் வில், முதுகில் மாட்டுகிற அம்பறாத்தூணி, நீளக் கத்தி, இரண்டு குச்சியைச் சங்கிலியால் கோத்த நுன்சாக்கு, எல்லாம் இருந்தன. சின்னக் கத்தி மட்டும் இல்லை. அதன் இடத்தில் வேறு யாருடையதோ ஒரு துப்பாக்கி கிடந்தது. பிள்ளைகள் விளையாடிய எந்த டப்பாவும் இப்படித்தான் இருக்கும். ஆளுக்கு ஆள் ஆயுதம் மாறியிருக்கும், அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் பாதி அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும். ஒவ்வோர் ஆளுக்கும் எந்தெந்தச் சாமான் வந்தது என்று படத்தோடு பட்டியல்கள் இணையத்தில் இருக்கின்றன. அவற்றோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். அதில் ஃபன்ஸ்கூல் பட்டியலைத் தனியாகத் தேடுங்கள். நம் ஊரில் ஓர் ஆளின் துப்பாக்கியை இன்னோர் ஆளோடு போட்டு விற்றதும் உண்டு என்பதால், அமெரிக்கப் பட்டியலின்படி "தப்பான" துப்பாக்கி இங்கே சரியானதாக இருக்கலாம்.

பட்டியலோடு ஒத்துப்போனாலும் அது அசல்தானா என்பது வேறு கேள்வி. இப்போது புதிதாகச் செய்த ஆயுதங்கள் நிறையக் கிடைக்கின்றன. அலமாரியில் வைத்துப் பார்க்க நான்கூட வைத்திருக்கிறேன். தப்பில்லை, அசல் என்று சொல்லி விற்காத வரைக்கும். லென்ஸ் போட்டுப் பார்த்தால் மூன்று வகையாகப் பிரித்துவிடலாம். அசலில் அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும். ஏதாவது ஒரு மூலையில் பிளாஸ்டிக் உள்ளே பாய்ந்த காம்பை வெட்டிய தழும்பு இருக்கும். அசலை வைத்து ரப்பர் அச்சு எடுத்து ரெசினில் வார்த்ததில் ஊசிமுனைக் குமிழ்கள் தெரியும், துப்பாக்கிக் குழாயின் வரிகள் மழுங்கியிருக்கும், நீளமும் சற்றுக் குறைந்திருக்கலாம். பிரிண்டரில் செய்ததைச் சாய்த்துப் பிடித்தால் அடுக்கு அடுக்காகக் கோடு தெரியும். இன்னொரு சோதனை: விளையாடித் தேய்ந்த ஆளோடு ஒரு கீறல்கூட இல்லாத துப்பாக்கி வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

விற்கும்போது சாமானில் ஒன்றுதான் குறைகிறது என்றால் அவசரப்பட வேண்டாம். 1985-ன் ஸ்னேக் ஐஸுக்குக் கத்தி, ஊஸி துப்பாக்கி, முதுகுப்பை, அதோடு டிம்பர் என்கிற ஓநாய். ஓநாய் தொலைந்துபோன ஸ்னேக் ஐஸை வைத்திருக்கிறவரும், ஓநாயை மட்டும் வைத்துக்கொண்டு இதென்ன நாய் என்று முழிக்கிறவரும் ஒரே ஊரிலேயே இருப்பார்கள்.

அட்டையின் பின்பக்கத்தில் கோடு போட்டு, வெட்டி எடுத்துக்கொள்ளும்படி ஒரு குறிப்பு இருக்கும்: ஆளின் உண்மைப் பெயர், பிறந்த ஊர், என்ன வேலையில் கெட்டி என்றெல்லாம். அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜி.ஐ. ஜோ காமிக்ஸை எழுதிய லாரி ஹாமா. பாடப் புத்தகத்துக்குள் புக்மார்க்காக வைத்தவர்கள் நிறையப் பேர். பழைய புத்தகங்களை எடைக்குப் போடும் முன் ஒருமுறை உதறுங்கள். அந்தத் துண்டு அட்டையும் சாமான் கணக்கில்தான் சேரும்.

ஹீ-மேன் என்றால்

இதே ஆராய்ச்சிதான், கொஞ்சம் மாற்றத்தோடு. மேட்டலின் ஹீ-மேன் வரிசையும் 1982-ல் வந்தது. இந்தியாவில் லியோ என்கிற கம்பெனி செய்து விற்றது. அளவு ஐந்தரை அங்குலம், கை கால் தடித்தது, ஜோவைவிட முரட்டு விளையாட்டைத் தாங்கும். இடுப்பைத் திருப்பி விட்டால் ஸ்பிரிங் அவனை மறுபடி இழுத்துக் குத்து விடவைக்க வேண்டும். விடவில்லை என்றால் ஸ்பிரிங் போச்சு. கால் தொங்கினால் உள்ளே இருக்கிற ரப்பர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. தலை மெத்தென்ற ரப்பர் பிளாஸ்டிக். பிள்ளைகள் கடித்த பல் தடம் இருக்கும், பாருங்கள். ஹீ-மேனுக்குக் கோடாலி, கேடயம், நெஞ்சுப் பட்டை, பாதி வாள். வில்லன் ஸ்கெலிடாரின் பாதி வாளோடு அதைச் சேர்த்தால் முழு வாள் ஆகும் என்பது கதை. அதனால் வாள்கள் இடம் மாறியிருப்பது சகஜம். நெஞ்சுப் பட்டையின் கொக்கி முதுகுப் பக்கம் கிழிந்திருக்கிறதா என்று மட்டும் மறக்காமல் பார்த்துவிடுங்கள்.

விலை

ஒருவர் இணையத்தில் என்ன விலை சொல்கிறார் என்பது விலையே இல்லை. விற்று முடிந்தவற்றின் விலையைத் தேடிப் பாருங்கள். விற்பனைத் தளங்களில் அதற்கென்று தனி வசதி இருக்கிறது. ஒரே ஆள், ஒரே நாட்டுத் தயாரிப்பு, சாமான் எத்தனை என்று மூன்றும் ஒத்துப்போகிற விற்பனைகளை மட்டும் கணக்கில் எடுங்கள். அட்டை பிரிக்காதது தனிச் சந்தை. அதன் விலையைப் பார்த்துவிட்டுப் பிரித்த ஆளுக்கு ஆசைப்படக் கூடாது.

சாமான் ஒன்றும் இல்லாத நல்ல உடம்பை, முழுச் செட் போகிற விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் வாங்குவதில்லை. கட்டைவிரல் போயிருந்தால் இன்னும் பாதி. இது என் கணக்கு, வேறு ஆள் வேறு சொல்வார். இடுப்பு உடைந்தவனையும் தூக்கிப் போடாதீர்கள். தலை, நெஞ்சு, கை நன்றாக இருந்தால் ஸ்பேருக்கு எடுத்துக்கொள்வார்கள். தலை மட்டும் கேட்டு வருகிறவர்கள் உண்டு.

மொத்தமாக ஒரு பை நிறைய வைத்திருப்பவர்கள், "எல்லாம் சேத்து ஒரு வெல சொல்லுங்க அண்ணாச்சி" என்பார்கள். நானாக இருந்தால் அப்படி விற்க மாட்டேன். பையில் இருக்கிற நல்ல ஆள் ஒருவனின் விலையைத்தான் மொத்தத்துக்கும் சொல்வார்கள். ஆளையும் அவனவன் ஆயுதத்தையும் வெள்ளைத் தாளில் ஜோடி சேர்த்து வைத்து, முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம், கைவிரலும் இடுப்பும் கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். பாதிப் பேரம் அந்தப் படத்திலேயே முடிந்துவிடும்.

இனி கழுவலாம், ஓ-ரிங் மாற்றலாம்

படம் எடுத்து முடித்தாயிற்று என்றால் சாதாரணத் தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பூ, குழந்தைகளின் மென்மையான டூத் பிரஷ், அவ்வளவு போதும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள். டெஸ்ட்ரோ மாதிரி பளபள வெள்ளித் தலை உள்ளவர்களைத் துணியால் தட்டி எடுப்பதோடு சரி. தேய்த்தால் பூச்சு வந்துவிடும். முதுகு ஓட்டைக்குள் தண்ணீர் போனால் கொக்கியும் ஸ்க்ரூவும் துருப்பிடிக்கும் என்பதால் முங்கப் போடாமல் பிரஷ்ஷை மட்டும் நனைத்துத் துடையுங்கள்.

ஓ-ரிங்குக்குப் பொம்மைக் கடைக்குப் போக வேண்டாம். டவுனிலோ வண்ணார்பேட்டையிலோ பம்ப்செட் ஸ்பேர்ஸ் விற்கிற கடைக்கு ஆளையே கொண்டுபோங்கள். அளவு அளவாக டப்பாவில் வைத்திருப்பார்கள். பழைய வளையம் துண்டாகவாவது இருந்தால் அதன் தடிமனுக்கு ஒத்ததை எடுங்கள். தடித்தது போட்டால் ஆள் விறைப்பாக நிற்பான், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த இழுப்பு முழுக்க நான் சொன்ன இடுப்புத் துண்டின் மேல் விழும்.

ஸ்க்ரூவுக்குச் சரியாகப் பொருந்துகிற ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சின்னதை வைத்துத் திருகினால் தலை போய்விடும். நெஞ்சைத் திறந்ததும் இடது கை எது வலது கை எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தைக் கொக்கியில் மாட்டி, இடுப்புத் துண்டு வழியே மேலே இழுத்து, தூணில் போட்டு, கைகளையும் தலையையும் அதனதன் குழியில் உட்கார வைத்து, முதுகை மூடுங்கள். இப்போது ஸ்க்ரூவை உடனே முறுக்காதீர்கள். முதலில் கழற்றுகிற பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் "டிக்" என்று விரலுக்குத் தெரியும்படி கொஞ்சம் இறங்கும். பழைய மரையின் வாய் அதுதான். அங்கிருந்து முறுக்கினால் அதே தடத்தில் இறங்கும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டி, இரண்டு மூன்று தடவையில் ஓட்டை பெரிதாகி, ஸ்க்ரூ பிடிக்கவே பிடிக்காது. இறுக்கமாகிற இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு சுற்றுப் போட்டால் முதுகு பிளக்கும்.

வெளியூருக்கு அனுப்புவதாக இருந்தால் ஆயுதத்தைக் கையில் மாட்டி அனுப்பாதீர்கள். சின்ன ஜிப் கவரில் தனியாகப் போட்டு, எண்ணிப் படம் எடுத்து, அந்தக் கவரைப் பெட்டியின் உட்புறத்தில் டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஆளை டிஷ்யூ தாளில் சுற்றி, உட்காரவைக்காமல் நேராகப் படுக்க வையுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் என்னென்ன சாமான் என்று ஒரு தாளில் எழுதிப் போட்டு, அதையும் படம் எடுத்து வாங்குகிறவருக்கு முதலிலேயே அனுப்பிவிட்டால், பைனாகுலர் வரவில்லை என்று பிறகு போன் வராது.